ஜாங்கோ தளத்தைப் பைபையில் ஓட்டுவது: தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

ஜாங்கோவில் எழுதிய ஒரு தளத்தை, பைதான் நிரல்களை ஓட்டும் மாற்று இன்டர்பிரெட்டரான பைபையில் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. சிறிய தளமென்றால் ஒரு மாலைப்பொழுது போதும். அப்படி ஏற்றியதால் தளம் வேகமாகுமா என்பதுதான் கேள்வி. உங்கள் நிரல் தன் நேரத்தை எங்கே செலவழிக்கிறது, சர்வர் புராசஸை எவ்வளவு காலம் உயிரோடு விட்டுவைக்கிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்துத்தான் அதற்கு விடை கிடைக்கும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றியவைதான். நிறுவுவதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது.

உங்களுக்குப் பைதான் தெரியும், ஜாங்கோவில் ஒரு சிறு தளமாவது கட்டியிருக்கிறீர்கள், லினக்ஸ் முனையத்தில் கட்டளை அடிக்கத் தயங்கமாட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்.

பைபை என்பது எது?

பைதான் என்பது மொழி. அந்த மொழியில் எழுதியதைப் படித்து நிறைவேற்றும் நிரல் வேறு. நாம் தினமும் 'பைதான்3' என்று அழைப்பது, கீடோ வான் ராசம் தொடங்கிவைத்த, சி மொழியில் எழுதப்பட்ட சிபைதான். அதே மொழியை நிறைவேற்றும் இன்னொரு இன்டர்பிரெட்டர்தான் பைபை. பைதானின் சுருக்கப்பட்ட ஒரு வடிவமான ஆர்பைதானில் அது எழுதப்பட்டிருக்கிறது. முன்பு சைக்கோ என்ற வேகக்கருவியை எழுதிய ஆர்மின் ரிகோ அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2003இல் வேலை ஆரம்பித்து, 2007இல் 1.0 பதிப்பு வெளிவந்தது.

பைபையின் பலம் அதன் ஜிட் கம்பைலரில் இருக்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரும்பத் திரும்ப நடக்கும் பகுதிகளைக் கவனித்து, அவற்றை நேரடி இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடும். ஒரே தடத்தில் தினமும் ஓடும் பஸ்ஸின் நடத்துநர், பழகிய முகத்தைப் பார்த்ததும் ஊர்ப்பெயர் கேட்காமலே டிக்கெட் கொடுத்துவிடுவதைப் போன்ற வேலை இது. அந்தப் பயணி ஒருநாள் வேறு ஊர் சொன்னால் மறுபடி கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஜிட்டும் தான் எதிர்பார்த்த தரவு வகை மாறினால் மெதுவான பழைய வழிக்குத் திரும்பும்.

பழகுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இயல்பான அமைப்பில் ஒரு சுழல் 1039 முறையும், ஒரு செயற்கூறு 1619 முறையும் நடந்த பிறகே ஜிட் அதைக் கையில் எடுக்கும். புதிதாக வருபவர்கள் பைபையைப் பற்றி அடையும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு 'மெதுவாக இருக்கிறதே' என்று முடிவுகட்டுபவர், ஜிட் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கடையைச் சாத்திவிடுகிறார்.

ஜாங்கோவுக்குச் சிபைதானுக்கு வெளியேயும் ஒரு பழைய வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஜாவா உலகத்து ஜைதானில் அதை ஓட்டினார்கள். ஆனால் ஜைதான் 2.7 மொழியிலேயே நின்றுவிட்டது. ஜாங்கோவோ 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்போடு பைதான் 2ஐக் கைவிட்டது. இன்றைக்கு நடைமுறையில் நம்பி எடுக்கக்கூடிய மாற்று பைபை ஒன்றே. ஜாங்கோவின் ஆவணத்தில் வேகத்தைப் பற்றிய பகுதியே அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஜாங்கோ பைபையோடு ஒத்துப்போகும், நீங்கள் பயன்படுத்தும் மற்ற நூலகங்களை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்பது அங்கே சொல்லியிருப்பதன் சாரம். அந்த இரண்டாம் பகுதியில்தான் வேலை இருக்கிறது.

படி 1: மாற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

எதையும் நிறுவுவதற்கு முன்னால், உங்கள் தளத்தில் மெதுவாக இருக்கும் நான்கைந்து பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மொத்த நேரத்தில் எவ்வளவு தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பதில் போகிறது, எவ்வளவு பைதான் நிரலுக்குள் போகிறது என்று பாருங்கள். ஜாங்கோ டீபக் டூல்பார் இந்தக் கணக்கை நேரடியாகக் காட்டிவிடும்.

நேரம் முழுவதும் தரவுத்தளக் கேள்விகளில் போகிறதென்றால் பைபை உங்களுக்கு உதவாது. போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளம் பதில் சொல்லும் வரை எந்த இன்டர்பிரெட்டரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும். தொடர்புள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கேட்கும் பக்கத்தில் 'செலக்ட்_ரிலேட்டட்' சேர்ப்பதும், விடுபட்ட இன்டெக்ஸ் ஒன்றைப் போடுவதும் ஜிட் தருவதைவிடப் பல மடங்கு தரும். வெளியே உள்ள ஏபிஐக்குக் காத்திருக்கும் பக்கங்களுக்கும் இதேதான். பட அளவை மாற்றுவது, கடவுச்சொல்லை ஹாஷ் செய்வது போன்றவை எப்படியும் சி நிரலுக்குள் நடக்கும் வேலைகள். அங்கேயும் லாபம் இல்லை.

லாபம் எங்கே? ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணையை டெம்ப்ளேட்டில் வரைவது. ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் சீரியலைசர் வழியாகப் பெரிய பட்டியலை ஜேசனாக மாற்றுவது. மாதக் கணக்கைச் சிஎஸ்வி கோப்பாக உருவாக்குவது. விலை, வரி, மதிப்பெண், வழித்தடம் போன்றவற்றைப் பைதானிலேயே கணக்கிடுவது. இவை எல்லாம் பைதான் சுழல்கள். ஜாங்கோவின் டெம்ப்ளேட் எஞ்சினே முழுக்கப் பைதானில் எழுதப்பட்டது. பைபை குழு தன் வேகத்தை அளக்க வைத்திருக்கும் சோதனைகளில் ஜாங்கோ டெம்ப்ளேட் ஒன்றும் இருக்கிறது. ஜிட் நன்றாகப் பிரகாசிக்கும் சோதனைகளில் அதுவும் ஒன்று. சராசரியாக மூன்று மடங்கு வேகம் என்ற அளவைப் பைபை தளத்தில் படித்திருப்பீர்கள். அது சோதனை நிரல்களின் சராசரி. உங்கள் தளத்துக்கு யாரும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

அளந்த எண்களைக் குறித்து வையுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 2: பதிப்புகளைப் பொருத்துங்கள்

பைபைக்கு இரண்டு பதிப்பு எண்கள் உண்டு என்பது புதியவர்களைக் குழப்பும். ஒன்று அது பேசும் பைதான் மொழியின் எண். மற்றொன்று பைபையின் சொந்த எண். 'பைபை 3.11, 7.3.20' என்றால் பைதான் 3.11 மொழியைப் பேசும் பைபையின் 7.3.20 வெளியீடு என்று பொருள். ஜாங்கோ பார்ப்பது முதல் எண்ணை மட்டும்தான்.

ஜாங்கோ 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்குப் பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பைபை 3.11க்கு இதுவே சரியான ஜோடி. 2025 டிசம்பரில் வந்த ஜாங்கோ 6.0க்குப் பைதான் 3.12 வேண்டும். பைபையோ 3.11இல் நிற்கிறது. ஆகவே 6.0இன் ஏதாவது ஒரு வசதி உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். பைபை எப்போதும் சிபைதானுக்குச் சில பதிப்புகள் பின்னால்தான் வரும். சிறிய குழு, பெரிய வேலை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, திட்டமிடும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

படி 3: நிறுவுதல்

டெபியன், உபுண்டு பயன்படுத்துபவர்களின் கை தானாகவே 'ஆப்ட் இன்ஸ்டால்' பக்கம் போகும். கொஞ்சம் நிறுத்துங்கள். டெபியன் 12இல் அப்படிக் கிடைக்கும் பைபை, பைதான் 3.9ஐப் பேசுவது. அதில் ஜாங்கோ 5 வரிசை ஏறவே ஏறாது. பிப்பும் சத்தம் போடாமல் பழைய 4.2ஐ எடுத்து வைத்துவிடும். அதற்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். வேறு விநியோகத்தில் இருந்தால் அங்கே வருவது எந்த மொழிப் பதிப்பு என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பைபையின் தளத்திலிருந்து லினக்ஸுக்கான சுருக்கக் கோப்பை நேரடியாக இறக்குவது எளிய வழி. எக்ஸ்86 64 பிட் செயலிக்கும் ஆர்ம் 64 செயலிக்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு. இறக்கிய கோப்பை 'ஆப்ட்' (ஓ-பி-டி, மேலே சொன்ன கட்டளை அல்ல) என்ற அடைவில் விரியுங்கள். கம்பைல் எதுவும் தேவையில்லை, அப்படியே ஓடும். பிறகு உள்ளே 'பின்' அடைவில் இருக்கும் 'பைபை3' கோப்புக்கு 'யூஎஸ்ஆர் லோக்கல் பின்' அடைவிலிருந்து ஒரு சிம்லிங்க் கொடுங்கள். அந்தக் கோப்பை மட்டும் பெயர்த்து எடுத்து வேறிடத்தில் வைத்துவிடாதீர்கள். தன் நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தான் இருக்கும் இடத்தை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கிறது.

மேக்கில் உலாவி வழியாக இறக்கினால், இயங்குதளம் அந்தக் கோப்பைச் சந்தேகப் பட்டியலில் வைத்துத் திறக்க மறுக்கலாம். 'எக்ஸ்ஆட்டர்' கட்டளையால் அந்தத் தடையை நீக்க வேண்டியிருக்கும். பல பைதான் பதிப்புகளை நிர்வகிக்கும் பைஎன்வ் கருவியை வைத்திருப்பவர்கள் அதன் பட்டியலிலிருந்தே பைபையை நிறுவிக்கொள்ளலாம். டாக்கரில் பைபைக்கென்றே அதிகாரப்பூர்வ இமேஜ் இருக்கிறது.

முனையத்தில் 'பைபை3' என்று அடித்துப் பாருங்கள். சிபைதான் மூன்று அம்புக்குறிகளோடு கேட்கும். பைபை நான்கு அம்புக்குறிகளோடு கேட்கும். எதற்குள் இருக்கிறோம் என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும் நல்ல ஏற்பாடு அது.

படி 4: தனிச் சூழல்

பைதான்3 என்று அடிக்கும் இடத்தில் பைபை3 என்று அடித்து வழக்கம்போல் வென்வ் ஒன்றை உருவாக்குங்கள். பழைய சிபைதான் வென்வை அழிக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருங்கள், பெயரையும் வேறாக வையுங்கள். புதிய சூழலை முடுக்கிவிட்டால் அதற்குள் 'பைதான்' என்று அடித்தாலும் பைபையே வரும். சந்தேகமிருந்தால் பிளாட்ஃபார்ம் மாட்யூலின் 'பைதான்_இம்ப்ளிமென்டேஷன்' செயற்கூறை அழைத்துப் பாருங்கள். பைபை என்று பதில் வர வேண்டும். இந்த வரியை உங்கள் தளத்தின் உள்நிலை காட்டும் பக்கத்திலும் சேர்த்துவிடுவது நல்லது. சர்வரில் பழைய சூழல் ஓடிக்கொண்டிருக்க, பைபையை அளப்பதாக நினைத்துக்கொண்டு நாள்கணக்கில் மெனக்கெடும் வீண்வேலை தவிரும்.

படி 5: நூலகங்களைப் பிரித்துப் பாருங்கள்

உங்கள் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு நூலகமும் மூன்று வகைகளில் ஒன்றில் விழும்.

முழுக்கப் பைதானில் எழுதப்பட்டவை கவலை தராதவை. ஜாங்கோ, ரெஸ்ட் ஃபிரேம்வொர்க், குனிகார்ன் (தளத்தை ஓட்டும் சர்வர் நிரல்), வைட்நாய்ஸ், ரிக்வெஸ்ட்ஸ் எல்லாம் இந்த வகை.

சி பகுதி கொண்டிருந்தும், பைபைக்கென்றே முன்கூட்டிக் கட்டிய வீல் கோப்புகளை வெளியிடுபவை இரண்டாம் வகை. கோப்பின் பெயரில் 'பிபி311' என்ற குறி இருந்தால் அது பைபை 3.11க்கானது. படங்களுக்கான பில்லோ நூலகம் இப்படி வருகிறது.

மூன்றாம் வகை தொல்லை. சி பகுதி உண்டு, பைபைக்கான வீல் கிடையாது. பிப் அதை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். சில நேரம் பக்கம் பக்கமாகப் பிழை வந்து நிற்கும். அதைவிட மோசமானது, கம்பைல் ஆகிவிடுவது! சிபைதானின் சி இடைமுகத்தைப் பாவனை செய்யும் ஓர் அடுக்கு பைபைக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட நூலகம் அதன் வழியாக ஓடும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு அழைப்புக்கும் செலவு உண்டு. அடிக்கடி தாண்டும் நூலகமென்றால் சிபைதானைவிட மெதுவாகிவிடும்.

எந்த நூலகம் எந்த வகை என்று தேடி அலைய வேண்டாம். பிப்பிடம் 'ஒன்லி-பைனரி' விருப்பத்தைக் கொடுத்து, எதையும் கம்பைல் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு நிறுவிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அந்த நூலகத்துக்கு மாற்று தேட வேண்டும். அரிதாக, பழைய பைதான் நூலகம் ஒன்றும் வீல் இல்லாமல் இந்த வலையில் சிக்கும். அதை மட்டும் தனியாக விடுவித்துக்கொள்ளலாம்.

அதிகம் தேவைப்படும் மாற்றுகள் தரவுத்தள இணைப்பில்தான். போஸ்ட்கிரஸுக்குப் பலரும் வைத்திருக்கும் சைக்கோபிஜி2 சி நூலகம். அதற்குப் பதிலாகச் சைக்கோபிஜி மூன்றாம் பதிப்பை நிறுவுங்கள். 'பைனரி', 'சி' என்ற ஒட்டுகள் எதுவும் இல்லாமல் வெறும் பெயரில் நிறுவினால் அதன் பைதான் வடிவம் வரும். அது லிப்பிகியூ என்ற போஸ்ட்கிரஸ் நூலகத்தைக் கணினியிலிருந்து நேரடியாகத் தேடிக்கொள்ளும், ஆகவே அது சர்வரில் இருக்க வேண்டும். ஜாங்கோ 4.2 முதல் இந்தப் பதிப்பை ஆதரிக்கிறது. செட்டிங்ஸ் கோப்பில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்றாம் பதிப்பு இருந்தால் ஜாங்கோ அதையே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் பழைய குறிப்புகளில் சைக்கோபிஜி2சிஎஃப்எஃப்ஐ என்ற பெயர் தென்படும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவையில்லை.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துபவர்கள் மைஎஸ்கியூஎல்கிளையன்ட்டை விட்டுப் பைமைஎஸ்கியூஎல்லுக்குப் போக வேண்டும். ஜாங்கோ எதிர்பார்க்கும் பெயரில் அது தன்னைப் பதிந்துகொள்ள ஒரு வரி நிரல் வேண்டும். பதிப்பு எண் சரிபார்ப்பில் தகராறு வரவும் கூடும். எஸ்கியூலைட்டுக்கு எதுவும் செய்ய வேண்டாம். அதற்கான இணைப்பு பைபையோடு சேர்ந்தே வருகிறது.

வேகத்துக்காகச் சேர்த்திருந்த சி நூலகங்களை இப்போது மறுபரிசீலனை செய்யுங்கள். ஜேசனுக்கான ஓஆர்ஜேசன் பைபையை ஆதரிப்பதில்லை என்று அதன் ஆசிரியர்களே சொல்லிவிட்டார்கள். பைபையில் வழக்கமான ஜேசன் மாட்யூலே வேகமாக வேலை செய்யும் என்பதால் அதை எடுத்துவிடுவதில் இழப்பு குறைவு. சிபைதானின் மந்தத்தைச் சரிக்கட்ட நுழைந்த நூலகங்களுக்குப் பைபையில் பெரும்பாலும் வேலையே இல்லை.

எண், தரவுக் கணக்குகளுக்கான நம்பை, பாண்டாஸ் இரண்டையும் கோரிக்கைக்குள் (ரிக்வெஸ்ட்) தீவிரமாகப் பயன்படுத்தும் தளமென்றால் என் ஆலோசனை எளிது: சிபைதானிலேயே இருங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

மைக்ரேட் கட்டளையை ஓட்டுங்கள், பிறகு ரன்சர்வர். இரண்டுமே சிபைதானில் பார்த்ததைவிட மெதுவாகத் தொடங்கும். எதையும் சந்தேகிக்க வேண்டாம். ரன்சர்வர் ஒவ்வொரு முறை நீங்கள் கோப்பைச் சேமிக்கும்போதும் புராசஸை அழித்துப் புதிதாகத் தொடங்குகிறது. ஜிட் கற்றது அத்தனையும் அதோடு போய்விடும். சோதனைத் தொகுப்புக்கும் இதே கதிதான். ஒவ்வொரு சோதனையும் வேறு வேறு வழியில் போய், எதையும் ஆயிரம் முறை செய்யாமல் முடிந்துவிடும்.

அதனால் பலரும் எழுதும்போது சிபைதானையும் சர்வரில் பைபையையும் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: சோதனைத் தொகுப்பு இரண்டிலும் ஓட வேண்டும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பைதான் பதிப்புகளின் பட்டியலில் பைபை 3.11ஐ ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.

படி 7: நிரலில் மாற்ற வேண்டிய பழக்கங்கள்

சிபைதான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசிப் பிடி விட்டதும் பொருள் அந்த நொடியே அழியும். பைபை எண்ணுவதில்லை. அதன் குப்பை சேகரிப்பான் தனக்குத் தோன்றும்போது வந்து பெருக்கும். மொழியின் விதிப்படி இரண்டும் சரியே. ஆனால் சிபைதானின் பழக்கத்தை மொழியின் விதி என்று எண்ணி எழுதிய நிரல்கள் நிறைய உண்டு.

முதலில் அகப்படுவது கோப்புகள். 'ஓபன்' செய்து, படித்து, மூடாமல் விட்ட கோப்பு சிபைதானில் தானே மூடிக்கொள்ளும். பைபையில் சேகரிப்பான் வரும் வரை திறந்தே கிடக்கும். பதிவேற்றக் கோப்புகளைக் கையாளும் தளத்தில், கூட்டம் கூடும் நேரத்தில், திறந்த கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்ற பிழை வரும். 'வித்' போட்டு எழுதுங்கள். எங்கே விடுபட்டிருக்கிறது என்று தேட, பைபையை 'எக்ஸ் டிராக்-ரிசோர்சஸ்' விருப்பத்தோடு ஓட்டினால், மூடாமல் விட்ட ஒவ்வொன்றும் எங்கே திறக்கப்பட்டது என்ற தடத்தோடு எச்சரிக்கை வரும். இது சிபைதானுக்கும் பயன்படும் துப்புரவு.

அடுத்தது கண்ணில் படாத ஒன்று: ஜாங்கோ சிக்னல்கள். ஒரு செயற்கூறுக்குள்ளேயே வரையறுத்த உட்செயற்கூறைச் சிக்னலோடு இணைத்தால், ஜாங்கோ அதைப் பலவீனமான பிடியில்தான் வைத்திருக்கும். சிபைதானில் வெளிச் செயற்கூறு முடிந்ததும் அது மறைந்து, சிக்னல் வேலை செய்யாது. தவறு உடனே தெரிந்துவிடும். பைபையில் சேகரிப்பான் வரும் வரை உயிரோடிருக்கும். சிக்னல் வந்ததும் மின்னஞ்சல் அனுப்பும் செயற்கூறு அது என்றால், கொஞ்ச நேரம் மின்னஞ்சல் போகும், பிறகு நின்றுவிடும். புராசஸை மறுபடி தொடங்கினால் மீண்டும் போகும். இப்படி ஒரு மர்மம் கண்டால் சிக்னல்களைத்தான் முதலில் பாருங்கள். மாட்யூல் மட்டத்தில் வரையறுப்பது தீர்வு. முடியாவிட்டால் இணைக்கும்போது 'வீக்' என்பதைப் பொய் என்று கொடுங்கள்.

நீங்களே தொடங்கும் த்ரெட்களில் தரவுத்தள இணைப்பை வெளிப்படையாக மூடுங்கள். கோரிக்கையின் முடிவில் ஜாங்கோ செய்யும் துப்புரவு அங்கே நடக்காது.

சுழலுக்குள் சரத்தோடு சரத்தைக் கூட்டல் குறியால் ஒட்டிக்கொண்டே போவதைச் சிபைதான் ஒரு தந்திரத்தால் வேகப்படுத்தி வைத்திருக்கிறது. பைபையில் அந்தத் தந்திரம் இல்லை. சரம் வளர வளர வேலை இருபடியாகப் பெருகும். பட்டியலில் சேர்த்து இறுதியில் 'ஜாயின்' செய்யுங்கள். 'கெட்சைஸ்ஆஃப்', 'கெட்ரெஃப்கவுன்ட்' போன்ற சிஸ் மாட்யூல் செயற்கூறுகளை நம்பிய நினைவக ஆய்வுக் கருவிகளும் பைபையில் வேலை செய்யா.

படி 8: குனிகார்னில் ஏற்றுதல்

பைபை சூழலுக்குள்ளேயே குனிகார்னை நிறுவி, சர்வரில் அதைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி கோப்பில் அந்தச் சூழலின் பாதையைக் கொடுங்கள். முன்னால் நிற்கும் வலைச் சர்வரான என்ஜின்எக்ஸின் அமைப்பில் எதுவும் மாறாது. மாறுவது குனிகார்னின் சில எண்கள்.

வொர்க்கர் (கோரிக்கைகளைக் கையாளும் புராசஸ்) எண்ணிக்கையை முதலில் பாருங்கள். பைபையிலும் ஜிஐஎல் பூட்டு உண்டு. ஒரு புராசஸ் ஒரு நேரத்தில் செயலியின் ஒரு கருவில் (கோர்) தான் பைதான் வேலையைச் செய்யும், ஆகவே பல வொர்க்கர்கள் வேண்டும். குனிகார்ன் ஆவணம் சொல்லும் வாய்பாடு, கருக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவது. பைபையில் நான் அதைவிடக் குறைவாகத் தொடங்கச் சொல்வேன். கருவுக்கு ஒன்று போதும், காத்திருக்கும் வேலை அதிகமென்றால் ஒவ்வொன்றுக்கும் சில த்ரெட்கள். காரணம் இரண்டு. ஜிட் உருவாக்கும் இயந்திரக் கட்டளைகள் ஒவ்வொரு வொர்க்கரிலும் தனித்தனியே நினைவகத்தில் உட்காரும். கோரிக்கைகள் பல வொர்க்கர்களுக்குச் சிதறினால் ஒவ்வொன்றும் பழகுவதற்கும் அதிக நேரமாகும்.

'ப்ரீலோட்' விருப்பம் இதற்குத் தீர்வு என்று தோன்றும். தொடக்க நேரத்தை அது மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். வொர்க்கர்கள் கிளைக்கும் நேரத்தில் ஜிட் இன்னும் எதையும் கற்றிருக்காது, பகிர்ந்துகொள்ள ஒன்றும் இருக்காது.

'மேக்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ்' என்ற அமைப்பு உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நினைவகக் கசிவை மறைக்க, ஐந்நூறோ ஆயிரமோ கோரிக்கைகளுக்கு ஒருமுறை வொர்க்கரைக் கொன்று புதிதாக எழுப்புவது பல தளங்களில் பழக்கம். பைபையில் அது தற்கொலைக்குச் சமம். ஜிட் பழகி முடிக்கும் கட்டத்தில் வொர்க்கரை வழியனுப்பிவிடுகிறீர்கள். அந்த வரியை நீக்குங்கள். கசிவு உண்மையாகவே இருந்தால், மிகப் பெரிய எண்ணாகக் கொடுங்கள். பின்னணி வேலைகளுக்குச் செலரி பயன்படுத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். செலரி பைபையில் ஓடும். ஆனால் ஒரு குழந்தைப் புராசஸுக்கு இத்தனை வேலைகள்தான் என்ற வரம்பு சிறிதாக இருக்கக்கூடாது.

இன்னொரு கண்ணி: குனிகார்னின் இயல்பான காலவரம்பு 30 நொடி. சிபைதானில் இருபது நொடியில் முடியும் கனமான அறிக்கைப் பக்கம், பழகாத பைபை வொர்க்கரில் முதல் முறை முப்பதைத் தாண்டலாம். குனிகார்ன் அந்த வொர்க்கரைக் கொல்லும். புதிதாக எழும் வொர்க்கரும் பழகாதது, அதுவும் தாண்டும். பக்கம் எப்போதுமே திறக்காது. முதல் நாட்களில் காலவரம்பைத் தாராளமாக வையுங்கள். அப்படிப்பட்ட பக்கங்களைச் செலரிக்குத் தள்ளுவது அதைவிட நல்லது.

நினைவகத்துக்கு வரம்பு வைக்க 'பைபை_ஜிசி_மேக்ஸ்' என்ற சூழல் மாறி உண்டு. '1.6ஜிபி' என்பது போன்ற மதிப்பைக் கொடுக்கலாம். நெருங்கும்போது சேகரிப்பான் அடிக்கடி ஓடும், அப்போதும் போதாவிட்டால் நினைவகப் பிழை எழும். சிறிய வாடகை சர்வரில் இது இல்லாமல் ஓட்டாதீர்கள்.

புதிய நிரலை ஏற்றிய உடனே எல்லா வொர்க்கர்களும் ஒரே நேரத்தில் பழகாத நிலைக்குப் போகும். கூட்டம் குறைந்த நேரத்தில் ஏற்றுங்கள். முக்கியப் பக்கங்களைச் சில நூறு முறை அழைக்கும் சிறு நிரல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை ஓட்டிய பிறகு என்ஜின்எக்ஸைப் புதிய பக்கம் திருப்புங்கள். ஒரு வொர்க்கருக்குச் சில நூறு என்பதுதான் கணக்கு. நான்கு வொர்க்கர் இருந்தால் நான்கு மடங்கு அனுப்ப வேண்டும்.

படி 9: மறுபடி அளப்பது

முதல் படியில் குறித்த அதே பக்கங்கள், அதே தரவுத்தளம், அதே வொர்க்கர் எண்ணிக்கை. செட்டிங்ஸில் டீபக் அமைப்பு அணைந்திருக்க வேண்டும். அது எரியும்போது ஜாங்கோ ஒவ்வொரு கேள்வியையும் நினைவில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். டூல்பாரும் அதோடு போய்விடும் என்பதால், இம்முறை வெளியிலிருந்து 'ஏபி' அல்லது 'டபிள்யூஆர்கே' என்ற சுமைச் சோதனைக் கருவியால் இரண்டு சூழல்களையும் அடித்துப் பாருங்கள். பைபையில் முதல் சில ஆயிரம் கோரிக்கைகளின் கணக்கை வீசிவிட்டு அதன் பிறகு வருவதை மட்டும் எடுங்கள்.

சராசரியை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். நூறில் மிக மெதுவான ஐந்து கோரிக்கைகள் என்ன ஆயின என்று பாருங்கள். ஜிட் கம்பைல் செய்யும் தருணங்களும் சேகரிப்பான் வரும் தருணங்களும் அங்கேதான் தெரியும். கூடவே ஒவ்வொரு வொர்க்கரும் பிடித்திருக்கும் நினைவகத்தையும் 'பிஎஸ்' கட்டளையில் பார்த்துக் குறியுங்கள். இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு நினைவகம் என்றால், பல நேரம் அது நல்ல பேரம். பத்து விழுக்காடு வேகத்துக்கு அதே விலை என்றால் இல்லை.

லாபமில்லை என்று தெரிந்தால் சிஸ்டம்டி கோப்பில் பாதையைப் பழைய சூழலுக்குத் திருப்பி எழுதுங்கள். சைக்கோபிஜி மூன்றாம் பதிப்பு, 'வித்' போட்ட கோப்புகள், மாட்யூல் மட்டத்து சிக்னல்கள் எல்லாம் சிபைதானிலும் அப்படியே ஓடும். எதையும் திரும்ப மாற்ற வேண்டியதில்லை. லாபமுண்டு என்று பைபையில் தங்கினால், 2027 அக்டோபரை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சிபைதான் பக்கத்தில் பைதான் 3.11க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த மாதத்தோடு முடிகின்றன, நூலகங்கள் 3.11ஐக் கைவிடத் தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான் இருக்கும்.